நாலு விரல் மேலே

ஸுப்ரியா: மட்டாஞ்சேரிக்காரங்களுக்குக் கிட்னி கொஞ்சம் மேலேதான் இருக்கும், அப்ஸல். அதான்.

அப்ஸல்: அப்ப வைப்பின் தீவுக்காரங்களுக்கு?

ஸுப்ரியா: அவங்க போட்ல ஏறும்போதே அதுவும் மேலே ஏறிடும்.

அப்ஸல்: சேச்சி... நான் சிரிக்க வரல.

ஸுப்ரியா: தெரியறது. சாயாகூட ஆறிப்போச்சு உனக்கு.

அப்ஸல்: சி.டி. ஸ்கேன் ரூம்ல மூணு பேர் இருக்கீங்க. கல் இருக்கான்னு பாக்க வர்றவங்களுக்குச் சுதீரும் விஸ்வநாத்தும் கிட்னியோட மேல் விளிம்புல ஆரம்பிக்கறாங்க. நீங்க மட்டும் நாலு விரல் மேலே. நெஞ்சுலேருந்து. நூத்துப் பன்னெண்டு பேருக்கு.

ஸுப்ரியா: உக்காந்து எண்ணினியா?

அப்ஸல்: அதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க. வேண்டாத கதிர் யார்மேலயும் விழக்கூடாது.

ஸுப்ரியா: மூச்சைப் பிடின்னா யாரும் பிடிக்கறதில்ல. கிட்னி நகரும். மேல்பக்கம் வெட்டுப்பட்டா மறுபடி எடுக்கணும். அது ரெண்டு மடங்கு கதிர். படம் பாக்கற கனகாம்பாள் டாக்டர் ஒரு தடவை அதுக்குக் கத்தியிருக்கா.

அப்ஸல்: டாக்டர்கிட்ட கேட்டேன். கத்தினதே இல்லையாம். ஏழு வருஷத்துல ஸுப்ரியா எடுத்தது ஒண்ணுகூட வெட்டுப்பட்டதில்லன்னாங்க. டைலர் மாதிரி அளவாம்.

ஸுப்ரியா: அவ மறந்திருப்பா.

அப்ஸல்: போன மாசம் அன்ஸியான்னு ஒரு பொண்ணு. பத்தொன்பது வயசு. ஆறு மாசத்துல மூணாவது ஸ்கேன். மூணுமே நீங்க எடுத்தது. மூணு தடவையும் மார்புல வேண்டாத கதிர்.

ஸுப்ரியா: கொஞ்சம்தான் அது.

அப்ஸல்: கொஞ்சம்தான். கல்லு இருக்கறவங்க திரும்பத் திரும்ப வருவாங்கன்னு எனக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல.

ஸுப்ரியா: இப்ப என்ன பண்ணப் போற?

அப்ஸல்: திங்கக்கிழமை மீட்டிங். ரிப்போர்ட்ல இருக்கறத இருக்கறபடி எழுதினா உங்களை மெஷின்லேருந்து எடுத்துட்டு முன்னாடி டோக்கன் குடுக்க உக்கார வச்சிடுவாங்க. பழக்கதோஷம், திருத்தியாச்சுன்னும் எழுதலாம். ஆனா நாளையிலேருந்து நிறுத்தணும். நிஜமா நிறுத்தணும்.

ஸுப்ரியா: அப்படியே எழுதிடு.

அப்ஸல்: நிறுத்துவீங்களா?

ஸுப்ரியா: நீ முதல்ல எழுது.

அப்ஸல்: போன வருஷம் ஆகஸ்ட் மூணு வரைக்கும் உங்க அளவு சரியா இருக்கு. நாலாம் தேதிலேருந்து மாறுது.

ஸுப்ரியா: மழையா இருந்திருக்கும்.

அப்ஸல்: மூணாம் தேதி லீவு போட்டிருக்கீங்க. அப்பாவை எர்ணாகுளம் கூட்டிண்டு போகணும்னு எழுதியிருக்கு.

ஸுப்ரியா: ஓ. தெரிஞ்சுண்டுதான் இவ்வளவு நேரம் கிட்னி, மூச்சுன்னு கேட்டுண்டிருந்தியா.

அப்ஸல்: நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

ஸுப்ரியா: சொல்ல என்ன இருக்கு. அதுக்குப் பத்து மாசம் முன்னாடி அப்பாக்கு வயித்து வலி. இங்கதான் எடுத்தோம். நான்தான் எடுத்தேன். அளவா. கதிரைக் குறைச்சு வை, போதும்னு படுத்துண்டே கிண்டல் பண்ணினார். வெறும் கல்லுதான், நிறைய தண்ணி குடிங்கோன்னேன். சந்தோஷமா எழுந்து போனார்.

அப்ஸல்: அப்புறம் இருமல்.

ஸுப்ரியா: அப்புறம் இருமல். எர்ணாகுளத்துல நெஞ்சை எடுத்தா, நுரையீரல்ல அவ்வளவு பெரிசா... டிசம்பர்ல போயிட்டார். கொஞ்சம் மேலேருந்து ஆரம்பிச்சிருந்தா அன்னிக்கே கண்ணுல பட்டிருக்கும். யாருக்காவது படட்டும்னு...

அப்ஸல்: நூத்துப் பன்னெண்டு பேர்ல யாருக்காவது பட்டுதா?

ஸுப்ரியா: இல்ல.

அப்ஸல்: சேச்சி, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. கனகாம்பாள் டாக்டர் பாக்கணும்னு அந்த எர்ணாகுளம் ஸ்கேனை நம்ம கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்கல்ல? இன்னும் இருக்கு. நேத்து பாத்தேன்.

ஸுப்ரியா: எதுக்கு?

அப்ஸல்: அந்தக் கட்டி கழுத்தெலும்பை ஒட்டி, நுரையீரலோட உச்சில இருக்கு. நாலு விரல் எட்டாது. பாதி நெஞ்சு எடுத்திருந்தாலும் எட்டாது. அன்னிக்கு அது உங்க கண்ணுல பட வழியே இல்ல. இதைச் சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதான் வந்தேன்.

ஸுப்ரியா: தெரியும், அப்ஸல். நாலாம் தேதி காலம்பற, முதல் ஆளை உள்ளே கூப்பிடறதுக்கு முன்னாடியே அந்த ஸ்கேனை அளந்து பாத்துட்டேன். எட்டாதுன்னு தெரிஞ்சேதான் மேலேருந்து ஆரம்பிச்சேன்.