ஓடைப் பாலமும் எங்கள் வீட்டுக் கேட்டும்

“என் கரையில ஒரு ஆணி இறங்கட்டும், அப்புறம் தெரியும் நான் யாருன்னு.”

“ஆணி எங்க சார் இறங்குது? இது கான்கிரீட்.”

“நக்கலா? அந்த எல்லைக் கல்லு நானே அளந்து நட்டது. அதைத் தாண்டி ஒரு அடி உள்ள வந்தாலும் கோர்ட்டுக்கு இழுப்பேன்.”

“அப்பா, கொஞ்சம் மெதுவா. அங்க ஜன்னல் திறந்திருக்கு.”

ஜன்னல் திறந்திருந்தது உண்மைதான். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பீன்ஸ் நறுக்க வெளிச்சம் வேண்டாமா? அடுத்தவர் சண்டையை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் சமையலறை ஜன்னல் ஓடையைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான். கேட்பதென்றால் வீட்டைக் கட்டியவனைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் அக்கரை நிலத்தை வாங்கிக் குடிவந்த கையோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். இந்தக் கரையில் தனியாக ஒரு கான்கிரீட் மேடை நிற்கிறதே, அது எதற்கு, அதன் மேல் ஒரு சின்னப் பாலம் போட்டுக்கொள்ளலாமா என்று. நல்ல கேள்வி. உட்காருங்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் கத்தியவர் உங்கள் நிலத்தின் பழைய சொந்தக்காரர், ஓய்வு பெற்ற சர்வேயர். ஊர் நிலத்தையெல்லாம் அளந்து அளந்து, கடைசியில் மனுஷனையும் அடிக்கோல் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது அவருக்கு. மெதுவாகப் பேசச் சொன்னவள் அவர் மகள். தேனீப் பெட்டிகள் வைத்திருந்ததால் தேன்காரி என்றுதான் அவளுக்குப் பேர். முதல் கல்யாணம் நிலைக்கவில்லை. அந்தக் கதை தனி, இன்னொரு நாள் சொல்கிறேன். பதில் சொன்னவன் என் கொழுந்தன், வெல்டர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடைச் சரிவில் அவனுக்குப் பட்டறை. கதையில் இவ்வளவு பேர்தான். என் வீட்டுக்காரர் ஒருவர் உண்டு, ஆனால் அவர் எந்தக் கதையிலும் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

பாலத்துக்கு முன்னால் அக்கரையிலிருந்து வெளியே வர ஒரே ஒரு வழி. வண்டித்தடம் சுற்றி வந்து எங்கள் கேட்டில்தான் முடியும். மாடு வெளியே போய்விடக்கூடாது என்று கேட் எப்போதும் சாத்தியிருக்கும். அவர்கள் வந்து ஹாரன் அடிப்பார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறப்பேன். திறக்கிற நேரத்தில் நாலு வார்த்தை. மனுஷருக்கு மனுஷர் வேறு என்ன இருக்கிறது?

“என்னக்கா, கேட்டுக்கு டோல் வச்சிருக்கீங்களா?” என்பாள் தேன்காரி.

“டோல் இல்லடி. விஷயம் சொன்னா திறக்கும்.”

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள். அப்பாவுக்குக் கால் வலி, ஒரு பெட்டியில் ராணித் தேனீ செத்துப் போனது, பழைய புருஷன் போன் பண்ணியது. நான் அதை நாலு பேரிடம் சொல்வேன். பொய் சேர்க்க மாட்டேன். கொஞ்சம் உப்பு சேர்ப்பேன். சமையல் தெரிந்தவள்.

பிறகு கொழுந்தன் ஒரு வண்டி வாங்கினான். பைக்குமில்லாமல் ஜீப்புமில்லாமல் தடித்த நாலு டயரோடு, பச்சை நிறத்தில், மேட்டில் ஏறினால் குதிக்கும். நான் அதற்குத் தவளை என்று பேர் வைத்தேன். அவளுடைய பெட்டிகளைச் சுமக்கத்தான் வாங்கினான் என்பது கேட்டுக்கே தெரியும். ஆனால் தவளை ஓடையைத் தாண்டாதே. அதற்குத்தான் பாலம்.

சண்டை கடைசியில் சமாதானமாக முடிந்தது. மகள் கெஞ்சினாள், அப்பா இறங்கி வந்தார், ஆனால் கல்லைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பதில் மட்டும் இறங்கவில்லை. கொழுந்தன் பழைய லாரி ஒன்றின் சேஸிஸைக் கொண்டுவந்தான். ஏணியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். அதைச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் கட்டி, இங்கிருந்து அங்கே அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். மேலே குறுக்காகப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் போல்ட். சக்கரம் நழுவாமலிருக்க இரண்டு ஓரத்திலும் நீளக் கட்டைகள். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

சேஸிஸ் உட்காருகிற மேடையை எங்கள் பக்கம் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, கெட்டி மண்ணில் போட்டான். அதனால்தான் அது இன்னும் நிற்கிறது. அக்கரையில் சர்வேயரின் கல் குறுக்கே வந்தது. கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மிஞ்சிய துண்டு மண்ணில்தான் போட வேண்டியதாயிற்று. “விளிம்புல உட்காருது அண்ணி, எனக்கு மனசே ஒப்பல” என்றான் என்னிடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லோரும் இதைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

பாலம் வந்தது. ஹாரன் நின்றது.

அது எப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். டிவியில் சத்தத்தை அமுக்கிவிட்டால் எப்படி இருக்கும்? ஜன்னலில் எல்லாம் தெரிந்தது. தவளை பலகைகளின் மேல் தடதடவென்று வரும். அவள் இறங்குவாள். அவன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ சொல்வான். அவள் சிரிப்பாள். என்ன சொன்னான்? தெரியாது. சர்வேயர்கூட பின் சீட்டில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வந்து போனார். ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கையாட்டுவதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் என்ன சொல்வது?

ஒரு நாள் மளிகைக் கடையில் நிற்கிறேன். கடைக்காரம்மா பருப்பை நிறுத்துக்கொண்டே, “கொழுந்தனுக்குக் கல்யாணமாமே, வாயே திறக்கலியே நீங்க” என்றாள்.

“யாரு சொன்னா?”

“அவளேதான். ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன, நான்தானே முடிச்சு வச்சேன்” என்றேன். அவள் நம்பவில்லை. அவள் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. என் வீட்டுக் கல்யாணத்தை நான் பருப்போடு சேர்த்து வாங்கி வந்தேன். கோபமெல்லாம் இல்லை. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஓய்ந்த பிறகும் ஓடையில் இறங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் போனது. மதியம் கொழுந்தன் கரையில் குனிந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பட்டறைக்கு ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்து, பாலத்தின் இந்த முனையில் குறுக்கே கட்டி, ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டான். பட்டறை வேனை எடுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தான். ஹாரன் அடித்தான். எத்தனை நாளைக்குப் பிறகு.

“அண்ணி, அந்தப் பக்க மேடைக்கு அடியில மண்ணையெல்லாம் தண்ணி தின்னுடுச்சு. அந்தரத்துல நிக்குது. இங்கிருந்து பார்த்தாத்தான் தெரியும், அங்க மேல நிக்கிறவங்களுக்குத் தெரியாது. வண்டி வேற இன்னைக்கு அவகிட்ட இருக்கு. போன் போட்டா எடுக்கல, பெட்டியைத் திறந்து வச்சிருப்பா. சாரும் எடுக்கல. நான் கடை மூடறதுக்குள்ள கல்லும் கம்பி வலையும் வாங்கிட்டு வந்துடறேன். நீங்க ஒரு எட்டு போய் சொல்லிடுங்க.”

“சொல்லிட்டா போச்சு.”

“உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி” என்று சிரித்தான்.

வீட்டுக்காரர் முன்னறையில் பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார்.

நான் கிளம்பத்தான் கிளம்பினேன். கேட்டின் கொண்டியில் கை வைத்தேன். அப்போது மளிகைக்காரம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கூடவே, அடுப்பில் பால் இருந்ததும். திரும்பி வந்து பாலை இறக்கினேன். இறக்கிய பிறகு போயிருக்கலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பாலம் பாட்டுக்கு ஓரமாகச் சரிந்து விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மறுபடி கேட் வழியாக வருவார்கள், முன்பு வந்த மாதிரி. பாலத்துக்கு என்ன உயிரா இருக்கிறது? நான் நினைத்தது அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. வயிற்றுக்குள் கல் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். லேசாகத்தான் இருந்தது.

சாயங்கால வெயில் வந்தது. தவளையில் பின்பக்கம் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அவள் அக்கரையில் இறங்கி வந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு முன்னால் நிறுத்தினாள். சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டாள். கெட்டிக்காரி, சும்மா ஏறிவிடவில்லை. பட்டறையைப் பார்த்தாள், அங்கே ஆள் இல்லை. பிறகு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். கையைத் தூக்கி, துணியைக் காட்டி, வரலாமா என்று கேட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஆனால் கேட்டாள்.

பாலம் வந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது.

நான் ஈரக் கையைத் தூக்கி, வா என்று அசைத்தேன்.

வரேன் என்கிறவளை வராதே என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அவள் சிரித்தாள். இவ்வளவு தூரத்திலும் பல் தெரிந்தது. முதல் பலகை, அடுத்த பலகை, அதற்கடுத்தது. பிறகு அக்கரை மேடை மெதுவாகத் தலை குனிந்தது. சேஸிஸ், பலகை, தவளை, பெட்டிகள், எல்லாம் ஒன்றாகப் பின்னால் சரிந்தன. வண்டி அவள் மேல் கவிழ்ந்தது. தேனீக்கள் மட்டும் மேலே எழும்பி ஓடையின் மேல் புகை மாதிரி நின்றன. நான்தான் முதலில் ஓடினேன், நான்தான் கத்தி ஆள் சேர்த்தேன். அதை எல்லோரும் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

கொழுந்தன் கல்லோடு வந்து சேர்ந்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு, சர்வேயர் வீட்டு வாசலில் வைத்து என்னிடம் கேட்டான்.

“நீங்க சொல்லலியா அண்ணி?”

“சொல்லாம இருப்பேனா? நேரா வந்து சார்கிட்ட சொன்னேனே. ஈசி சேர்ல படுத்திருந்தார். பாலத்துல ஏற வேண்டாம்னு மகள்கிட்ட சொல்லிடுங்கன்னேன். தலையாட்டினார். என்ன சார், ஞாபகம் இல்லையா?”

சர்வேயர் தன் ஈசி சேரைத் திரும்பிப் பார்த்தார். மதியத் தூக்கத்தில் யார் வந்தது யார் போனது என்று அந்த வயதில் யாருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்?

“ஆமா,” என்றார். “சொன்ன மாதிரிதான் இருக்கு. நான்தான் தூங்கிட்டேன்.”

அதற்குப் பிறகு அவர் அதை எல்லோரிடமும் சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். எந்தப் பக்கமாக வந்தேன், என்ன புடவை, தலைமாட்டில் எங்கே நின்றேன் என்பது வரைக்கும். கல்லை நட்டதும் நான், மறந்ததும் நான் என்று அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “விடுங்க சார், யாருக்கும் வர்ற மறதிதானே” என்று ஆறுதல் சொன்னேன். தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டைத் தாண்டிப் போய் வருவது ஒன்றும் தூரமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பயமா என்கிறீர்களா? போலீஸ் வந்தது, விளிம்பில் போட்ட மேடையைப் பார்த்தது, போய்விட்டது. பயமில்லை. ஒரு சத்தம்தான். பாத்திரம் கழுவும்போது பலகைகள் தடதடக்கும். முதல் பலகை, அடுத்தது, அதற்கடுத்தது. குழாயை மூடிவிட்டுக் காத்திருப்பேன். மிச்சப் பலகைகளின் சத்தம் வராது. இக்கரைக்கு வந்து சேருகிற சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேட்டதே இல்லை. ஒரு தடவை கேட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால்தான் பரவும் என்று எனக்குத் தெரியாதா? சொன்னாலும் யார் நம்புவார்கள்? நான் உப்பு சேர்க்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சர்வேயரை அவருடைய இன்னொரு மகள், வெளியூரில் இருக்கிற சின்னவள், வந்து தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஜன்னலோரமாக அதே ஈசி சேரைப் போட்டுக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாராம். தேனீப் பெட்டிகளை யாரோ லாரியில் ஏற்றிப் போனார்கள். கொழுந்தன் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்கேயோ கப்பல் கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போனான். போன வருஷம் அங்கேயே ஒரு நர்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். அதையும் மளிகைக் கடையில்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எங்கள் மகள் வீட்டுக்குப் போனார். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான், இவர் இன்னும் வரவில்லை. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டை அவரே திறந்துகொண்டு போனார்.

உங்கள் டீ ஆறிவிட்டதே, வேறு போடட்டுமா? பாலமெல்லாம் எதற்கு, வீண் செலவு. கேட் இருக்கிறது. ஒரு ஹாரன் அடியுங்கள், போதும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நான் திறக்கிறேன்.