செல்வி என்கிற வேன்

"செல்விய வித்துட்டு, பெரிய வேனா எடுங்க மாமா."

ஆடி முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் காலைப் பேருந்து. முன்னிருக்கையில், மரவள்ளிக்கிழங்கு ஏற்ற மூன்று வேன்கள் வைத்திருக்கும் பெரியவரும், வெளியூரிலிருந்து வந்திருக்கும் அவருடைய மைத்துனரும். புது வண்டி பார்க்கப் போகிறார்கள்.

"அத்த மட்டும் குடுக்க மாட்டேன்."

"இன்னா மாமா, மலை ஏறத்துக்குள்ள அதுக்கு மூச்சு வாங்குது. தகரத்துமேல எங்க அக்கா மவ பேர எழுதிட்டா, அது பொண்ணாயிடுமா?"

"மூணு வண்டிக்கும் மூணு புள்ளைங்க பேரு வச்சேன். புள்ளைங்க பெங்களூரு, திருப்பூருன்னு போயிட்டாங்க. பொழுது சாஞ்சா வண்டிங்கதான் வூட்டுக்கு வருது."



"சரி, விக்க வேணாம். சின்னதா ஒண்ணு பாக்கலாம். அதுக்கு யாரு பேரு?"

"உம் பேர எழுதிடறேன். நாளைக்கு நீயும் ஊருக்குப் போயிடுவ இல்ல."