திரும்பி வரும் செலவு

வாக்குமூலத்தில் கஞ்சன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம், ஐயா. கஞ்சன் செலவே செய்யமாட்டான். நான் செலவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பவன், அவ்வளவுதான்.

என் மனைவி தையல் கடை நடத்திச் சேர்த்த பணம் முதலில், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் உள்நாட்டு இண்டெக்ஸ் ஃபண்டில்தான் இருந்தது. வெளிநாட்டுச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் இ.டி.எஃப். ஒன்று, அதே வேலையைப் பாதி ஆண்டுக் கட்டணத்துக்குச் செய்வதைக் கண்டுபிடித்தேன். பணத்தை என் பெயரில் அங்கே மாற்றினேன். குடும்ப விருந்து ஒன்றில் சுவரில் படம் காட்டி விளக்கினேன். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டார்கள். மனைவியின் தங்கை கணவர், என் சகலை, மட்டும் வாயைத் திறந்தார்.

"போறதுக்கு டிக்கெட் மலிவுதான் சகலை. திரும்பி வர எவ்வளவு ஆகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாண்டு முடிந்ததும் கணக்கைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இதற்கிடையில் அவளுக்கு இதய வால்வு பழுதாகிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து முன்பணம் கட்டச் சொன்னார்கள். விற்றிருக்கலாம். ஆனால் தரகு, நாணய மாற்று, வங்கிக் கட்டணம், இரண்டாண்டுக்குள் விற்றால் கூடுதல் வரி என்று எல்லாவற்றையும் சேர்த்தால் உள்நாட்டு ஃபண்டே மலிவு என்று வந்தது. எப்படிக் கூட்டினாலும் அப்படித்தான் வந்தது.

மருத்துவமனைக்குப் போன் செய்து, நோயாளி பயப்படுகிறாள், தள்ளிவையுங்கள் என்றேன். அவளிடம், பொறுத்துச் செய்யலாம் என்று டாக்டரே சொன்னதாகச் சொன்னேன். இரண்டு பேரிடமும் மரியாதையாகத்தான் பேசினேன்.

விஷயம் தெரிந்து சகலை வந்தார். "என் உள்நாட்டு ஃபண்டை வித்தா ரெண்டு மூணு நாள்ல கைக்கு வந்துடும். அப்புறம் மெதுவா குடுங்க" என்றார். 'ரெண்டு மூணு நாள்' என்பதை அவர் சற்று அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. டாக்டர் சொன்னதையே அவரிடமும் சொல்லி, வாசலோடு அனுப்பிவைத்தேன்.

பிறகு அவளால் மாடி ஏற முடியவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "என் பணமாவது நல்லா இருக்குல்ல?"

நன்றாக வளர்கிறது என்றேன். அதில் பொய் இல்லை.

கடையில் துணி வெட்டும் மேசை மேல் சாய்ந்தபடியே இறந்துபோனாள்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, ஐயா. நாளைத் தள்ளினால் பிழைக்கமாட்டாள் என்றுதான் சொல்லியிருந்தார். தெரிந்துதான் தள்ளினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

போன வாரம் இரண்டாண்டு முடிந்தது. இனி விற்றால் கூடுதல் வரி இல்லை, வெளிநாட்டு இ.டி.எஃப்.தான் மலிவு. இதைச் சொல்லச் சகலைக்குப் பல தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவரிடம் பதில் இல்லை போலிருக்கிறது.