சாக்கு என்று காதில் விழுந்த சொல்

பேசுவதையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்குக் கேட்கக் கற்றுத்தந்த தலைவியே! பம்புசெட் பழுதாகிப் பதறுகிற உழவரிடம் பதறாமல் பேசப் பழக்கியவரே! தமிழ்நாட்டு வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் திருமதி வசுதா அவர்களே! வணக்கம்.

நீங்கள் ஓய்வுபெறும் நாள் எங்களுக்கு முன்பே தெரியும். அதற்குத் தயாராகத்தான் இருந்தோம். சந்தன மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. கேசரிபாத்துக்கும் சொல்லியாகிவிட்டது. சென்ற வியாழக்கிழமை தெரியவந்த செய்திக்குத்தான் நாங்கள் தயாராக இல்லை. இதை எழுதும்போதும் அந்த அதிர்ச்சி தீரவில்லை. புகழ்ந்து எழுதிய மடல் ஒன்று கையில் இருந்தது. கிழித்துவிட்டோம். நடந்ததை எழுதுங்கோ என்று நீங்களே சொன்னதால் எழுதுகிறோம்.

பிரிவை உருவாக்கிய பெருமைக்குரியவரே! மைசூரில் மோட்டார் செய்து ஈரோட்டிலும் தருமபுரியிலும் விற்கும் கம்பெனி இது. போனை எடுப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பதற்காகவே எங்களை எடுத்தார்கள். மண்டி மொஹல்லா உமேஷுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது; கன்னட வழக்கில் எல்லோரையும் ‘குரு’ என்றே கூப்பிடுவார். ஹனூர் ஸ்வாதிக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். அந்தியூரிலிருந்து வந்த அருண்ராஜுக்குக் கன்னடம் ஓட்டலில் சாப்பிடும் அளவுக்கு. உங்கள் மேல்கோட்டைத் தமிழின் நடுவிலும் கன்னடம் புகுந்து புறப்படும். இப்படிப்பட்டவர்களைச் சேர்த்து ஒரு பிரிவாக்கினீர்கள்.

வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். கம்பெனி அதற்குக் கோச்சிங் என்று பெயர் வைத்தது. நீங்கள் “சித்த பேசலாம் வாங்கோ” என்றீர்கள். மொபைலை மேசைக்குள் போட்டு மூடுவீர்கள். யோசனை சொல்ல மாட்டீர்கள். “அப்புறம்?” என்று மட்டும் கேட்பீர்கள். அடுத்தவர்மேல் நாங்கள் போட்ட பழியெல்லாம் தீரும்வரை கேட்பீர்கள். அது தீர்ந்த பிறகு, நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்பது எங்கள் வாயிலிருந்தே வரும்.

உங்களுக்குப் பிறகு தலைவர் அருண்ராஜ் என்று நிர்வாகத்திடம் சொன்னீர்கள். அவர் மறுத்தார். ஏன் என்று கேட்டோம். சொல்லவில்லை. எதற்கும் காரணம் சொல்வதை அவர் விட்டுப் பல வருடம் ஆகிறது. அவர் ஏற்காவிட்டால் பிரிவைப் பெங்களூரு அலுவலகத்தோடு சேர்த்துவிடுவோம் என்றது நிர்வாகம். வெள்ளிக்கிழமை மாலைவரை தவணை தந்தது.

வியாழக்கிழமை மதியம், பிறகு கிழித்துப் போட்ட அந்த மடலை முடிப்பதற்காகக் கேண்டீனில் கூடினோம். எங்களில் எழுதும் பொறுப்பை ஏற்ற நிர்மலா பேனாவோடு உட்கார்ந்தார். மேடம் அடிக்கடி சொன்ன வார்த்தையை ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றார்.

“சாக்குன்னு போடுங்க,” என்றார் அருண்ராஜ். “நான் என்ன பேசினாலும் கடைசியில அதைத்தானுங்க சொல்லுவாங்க.”

“பெருமை பீத்தறதைப் பாருங்கப்பா,” என்றார் உமேஷ். “எனக்கு ஒரு வாரம்கூட அது கிடைக்கல குரு.”

“இதுல என்னங்க பெருமை? நீ சாக்கு சொல்றேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க.”

உமேஷ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “குரு, அது கன்னடம். போதும்னு அர்த்தம். ஓட்டல்ல சாம்பார் ஊத்தறப்ப நீங்களே சொல்றீங்களே.”

“சாம்பாருக்குச் சொல்லுவேன். மேடம் என்கிட்டத் தமிழ்லதானுங்க பேசினாங்க.”

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓட்டலில் கன்னடமாகக் கேட்ட அதே ஒலி, உங்கள் தமிழுக்கு நடுவே அவருக்குத் தமிழாகக் கேட்டிருக்கிறது. உங்கள் வாயில் அதன் பொருள் எங்களுக்குத் தெரியும். போதும், நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், இனி நான் வேண்டாம், போய்ச் செய்யுங்கள். நீங்கள் தருகிற ஒரே பாராட்டு அதுதான். நிர்மலாவுக்கு எப்போதாவது கிடைத்தது. அருண்ராஜுக்கு ஏறக்குறைய எல்லா வாரமும் கிடைத்தது.

“அப்ப அந்தக் கோபி மோட்டார் விஷயத்துல?” என்று கேட்டார் அவர்.

“அன்னைக்கும்தான்,” என்றார் நிர்மலா.

அருண்ராஜ் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரே தோப்பில் மோட்டார் மூன்றாம் முறையாக எரிந்தபோது அவர் உங்கள் அறைக்கு வந்தார். மின்சாரம் சரியில்லை என்றார். அப்புறம்? டீலர் சரியில்லை என்றார். அப்புறம்? வெகுநேரம் கழித்து, அனுப்புவதற்கு முன்பே அங்கே வோல்டேஜ் என்ன என்று நாம்தான் கேட்டிருக்க வேண்டும் என்றார். நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி எழுந்தீர்கள். எல்லாச் சாக்குகளையும் அவர் கீழே போட்ட நொடியில் அவர் காதில் விழுந்தது சாக்கு. மறுநாள் முதல், டீலர் மோட்டார் கேட்டால் தோட்டத்துக்கே போன் போட்டு வோல்டேஜ் விசாரித்தார். இன்று பிரிவு முழுவதும் அப்படிச் செய்கிறது. காரணம் சொல்வதையும் அவர் அன்றோடு நிறுத்தினார். எவ்வளவு கண்டிப்பான மனிதர் என்று நாங்கள் வியந்திருக்கிறோம். அவர் பயந்திருந்தார் என்பதும், தலைமையை மறுத்தது அதனால்தான் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

நாங்கள்தான் வந்து உங்களிடம் சொன்னோம். நின்றுகொண்டிருந்த நீங்கள் உட்கார்ந்தீர்கள். “அவர் மூஞ்சி வாடறதைப் பார்த்திருக்கேனே,” என்றீர்கள். “பொறுப்பு ஏறினா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். ஏன்னு கேக்கத் தோணலையே எனக்கு.” எங்கள் எல்லோரையும் எல்லாமும் கேட்டவர் நீங்கள். அதை மட்டும் கேட்கவில்லை. உங்களை அப்படி ஒரு முகத்தோடு நாங்கள் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை நீங்களே அவர் மேசைக்குப் போனீர்கள்.

“நான் திட்டறேன்னு நினைச்சுண்டு இத்தனை வருஷம் எப்படி இங்க இருந்தீங்கோ?”

“திட்டறவங்க பாதியிலயே திட்டிருவாங்க மேடம். நீங்க கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னீங்க. எங்க வீட்லகூட அவ்வளவு நேரம் யாரும் நான் பேசறதைக் கேட்டதில்லைங்க. அதான் இருந்தேன்.”

நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். “மன்னிச்சுக்கோங்கோ.”

“அதெல்லாம் வேண்டாங்க. ஆனா கோபம் இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். வேலையை விட்டுடலாம்னே பார்த்தேன்.”

“இருக்கட்டும். கோபத்தோடவே அந்த நாற்காலியில உட்காருங்கோ.”

அவர் போன் பக்கம் திரும்பினார். அன்று பகல் முழுவதும் வந்த போன்களை எடுத்தார். மாலையில் நிர்வாகத்தின் அறைக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

“பாராட்டுன்னு தெரிஞ்சதும் மனசு மாறிடுச்சா குரு?” என்று உமேஷ் சீண்டினார்.

“அதுக்கில்லைங்க. என் மூஞ்சி ஏன் வாடுதுன்னு அவங்க கேட்கலை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நானும்தான் கேட்கலை. இனி இங்க யாராவது கேட்கணும் இல்ல?”

எங்கள் வளர்ச்சியில் அக்கறை கொண்டவரே! அவர் எதனால் வளர்ந்தார் என்று எங்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. தப்பாகக் கேட்ட சொல்லால் என்கிறார் உமேஷ். பேச விட்டுக் கேட்டதால் என்கிறார் நிர்மலா. அத்தனை வருடம் அவர் பயந்ததற்கு யார் பதில் சொல்வது என்று ஸ்வாதி கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை. உங்களிடமும் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அதைச் சொல்லக்கூடிய தலைவர் எங்களுக்கு வாய்த்தார்.

வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்ட பிறகே போனை வைக்க வேண்டும் என்பது நீங்கள் வகுத்த விதி. வெளியாரிடம் அதைத் தவறாமல் செய்தோம். எங்களுக்குள் செய்ததில்லை. திங்கட்கிழமை முதல் வாரப் பேச்சும் அப்படித்தான் முடியும் என்று புதிய தலைவர் சொல்லிவிட்டார்.

நல்ல உடலும் நிம்மதியான உறக்கமும் நெடிய ஆயுளும் உங்களுக்கு அமையட்டும். நீங்கள் பேசும்போது கடைசி வரை கேட்க ஒருவர் எப்போதும் அருகில் இருக்கட்டும்.

இந்த மடலுக்கு இன்னும் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. நீங்கள் எங்களுக்குச் செய்தது இது என்று நாங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறோம். சரிதானா, அம்மா? நீங்கள் சொல்லும்வரை நின்றுகொண்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
அருண்ராஜ், பிரிவுத் தலைவர்
நிர்மலா, உமேஷ், ஸ்வாதி மற்றும் சேவைப் பிரிவு ஊழியர்கள்
மைசூர்