துறைச் சராசரி

ஒரு முழ நீளத்தில் சுறா மாட்டினால் அது குட்டி. அதே நீளத்தில் நெத்திலி மாட்டினால் காசிமேடே திரண்டு வந்து வேடிக்கை பார்க்கும். என் வேலையை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியாது, ஐயா.

பெயர் தண்டபாணி. திருவொற்றியூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலர். எங்கள் ஆசிரியர்களின் கட்டுரைகளை வெளியுலக ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து ஆளுக்கொரு மதிப்பெண் போடுவேன். முன்பு வெறும் எண்ணிக்கைதான். கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் கட்டுரைக்கு நூறு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவார்கள். வேதியியல் துறை நர்மதா முப்பத்தாறை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். அது அநியாயம் என்று நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி, துறைச் சராசரியால் வகுக்கும் முறையைக் கொண்டுவந்தவன் நான். அவள் எழுதும் மீன்வள ஆராய்ச்சியில் கட்டுரைக்கு மேற்கோள் சராசரி ஒன்பது. முப்பத்தாறை ஒன்பதால் வகுத்தால் நான்கு. கல்லூரியிலேயே அவள்தான் முதல்.

நர்மதா எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அங்கே பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதன் ஈயம் மீனுக்குள் போகிறதா, மனிதருக்குள் போகிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆறு வருடம் என் பைக்கில் அவளுக்காகத் தண்ணீர் கேன் சுமந்தேன். அவள் அட்டவணைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து திருத்தினேன். "ஒங்க பேரு இல்லாம நம்ம பேப்பர் வருமா அண்ணா?" என்றாள். நான் கேட்கவில்லை; அவளாகத்தான் சொன்னாள்.

மீனவர் ரத்தத்தில் ஈயம் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பெயர்களில் நான் இல்லை. கடைசிப் பக்கத்தில், வேன் டிரைவர் ரஷீதுக்கு அடுத்து, 'அலுவலக உதவிக்கு நன்றி' என்று இருந்தேன். ஏன் என்று அவளிடம் கேட்கவில்லை.

என் பட்டியலில் 'துறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவது நான்தான். மீன்வளம் என்று இருந்ததை அந்த வருடம் மருத்துவம் என்று மாற்றினேன். பொய்யில்லை, தலைப்பிலேயே ரத்தம் இருந்தது. மருத்துவத்தில் சராசரி நாற்பத்தைந்து. முப்பத்தாறை வகுத்தால் பூஜ்யம் புள்ளி எட்டு. ஒன்றுக்குக் கீழே போனவர்களின் ஒப்பந்தத்தை நிர்வாகம் நீட்டிப்பதில்லை. நர்மதா கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போனாள்.

போகுமுன் குப்பத்து அடிபம்புத் தண்ணீரை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தாள். முடிவு கல்லூரி முகவரிக்கு, என் மேசைக்கு வந்தது. பிரித்துப் படித்தேன். அனுமதித்த அளவைப்போல் அறுபது மடங்கு ஈயம். உறையை இழுப்பறையில் வைத்தேன்.

மறுவாரம் குப்பத்திலிருந்து குணசுந்தரி என்ற பெண் வந்தாள். "ரிசல்ட் வர்ற வரிக்கும் பம்பு தண்ணி குடிக்காதீங்கோன்னு நர்மதா சொல்ட்டு பூட்ச்சு சார். ரெண்டு மாசமா லாரித் தண்ணிக்கு லோல்பட்டுக்கினு கீறோம். வந்துச்சா?"

பூஜ்யம் புள்ளி எட்டு வாங்கிய ஒருத்தியின் எச்சரிக்கையை நம்பி நாற்பது குடும்பங்கள் குடத்தோடு வெயிலில் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"வந்துவிட்டது. நல்ல தண்ணீர்தான். குடிக்கலாம்" என்றேன்.

"நீ நல்லாருக்கணும் சார்" என்று கும்பிட்டுப் போனாள்.

நர்மதா போன் செய்தபோதும் அதையேதான் சொன்னேன். நம்பினாள். அடுத்த எட்டு மாதத்தில் வலிப்பு வந்து மூன்று குழந்தைகள் செத்தன. ஒருவன் குணசுந்தரியின் மகன். நர்மதா ஆய்வகத்திடம் நகல் வாங்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள்.

"பேரு போடலன்னுதானா அண்ணா?" என்றாள். "மார்க் போட்றவரே நீங்கோ. ஒங்க பேரும் பேப்பர்ல இருந்தா ஒங்க வேலைக்கே வேட்டு வெச்சிருவாங்கோ. அதான் வுட்டேன்."

இதை அவள் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதும் துரோகம்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவு தெரிந்தேதான் குடிக்கச் சொன்னேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும். 'மூன்று குழந்தைகள்' என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குப்பத்தில் வருடத்துக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் சாகின்றன என்று விசாரித்து, வகுத்துப் போடுங்கள். வெறும் எண்ணிக்கையை வைத்து ஒரு மனிதனை எடைபோடுவது அநியாயம்.