மினிட்ஸ்ல இல்லாத பேச்சு

இல்லம்மா, முதல்ல உக்காருங்க. ஆடாம உக்காருங்க, அந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. நீங்க சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. நகராட்சி மன்றக் கூட்டத்துல யாரு என்ன பேசினாலும் அதை மினிட்ஸ் புத்தகத்துல ஏத்துறது என் வேலை. இருபத்திரெண்டு வருஷமா இதேதான்.

உங்கப்பாவை எனக்குத் தெரியாதா? வெல்டர்னா இங்க பியூன் வரைக்கும் தெரியும். மாசாமாசம் வந்துடுவாரு. பொதுமக்களுக்கு ஆளுக்கு மூணு நிமிஷம். மத்தவங்கன்னா குப்பை, தெருநாய், பக்கத்து வீட்டுக்காரன் சுவர்னு வருவாங்க. ஒரு அம்மா குழாய்த் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுட்டு வந்து தலைவர் மேஜை மேல வச்சு, நீங்க முதல்ல குடிங்க, அப்புறம் நான் பேசறேன்னுட்டாங்க. அவர் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! மன்னிச்சுக்கோங்கம்மா, சிரிக்கிற நிலைமையிலயா நீங்க இருக்கீங்க.

உங்கப்பா அப்படியெல்லாம் அமர்க்களம் பண்ண மாட்டாரு. தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டையோட வந்து நிப்பாரு. ஒரே பேச்சுதான். வாய்க்கால் நடைப்பாலம். கைப்பிடிக்கு வெல்டிங் வைக்கப் போனப்ப பாத்தேங்க, அடியில தாங்குற இரும்பு அரிச்சுப் போயிருக்கு, இன்ஜினியர் வந்து பாக்கணும்னு சொல்வாரு. முதல் மாசம் தலைவர் தலையாட்டினாரு. அடுத்த மாசம், பாக்கலாம்னாரு. மூணாவது மாசம் இவரு எழுந்திரிச்சதுமே உறுப்பினருங்க, பாலம் வந்துடுச்சுடான்னு சிரிச்சாங்க. அவர் காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி பேசி முடிச்சுட்டுப் போனாரு.

ஆமா, அந்த மூணும் புத்தகத்துல இருக்கு. ஆனா பொத்தாம் பொதுவா இருக்கும்மா. நடைப்பாலத்தைப் பராமரிக்கக் கோரினார், அவ்வளவுதான். நாளைக்கு விசாரணையில அதை நீட்டினா ஒரு பக்கம் தள்ளிட்டுப் போயிடுவாங்க. பாலம் விழுந்து ரெண்டு பேர் போயிட்டாங்க, யார் தலையிலயாவது கட்டணும்ல. உங்கப்பா வெல்டிங் வச்ச சூட்டுலதான் தூண் கெட்டுச்சுன்னு ஒரே பாட்டா பாடுறாங்க. உங்களுக்கு வேண்டியது நாலாவது மாசம். புரியுது.

அன்னிக்கு அவர் பேசினது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. இந்தக் கரையிலேர்ந்து ரெண்டாவது தூண், அடியில நாலு போல்ட்டுல மூணு இல்ல, துருவுல விரலை வச்சா உள்ள போகுது, இந்த வாரமே பாலத்தை மூடுங்க, என் பொண்ணு தினம் அதுல நடந்துதான் வேலைக்குப் போறான்னாரு.

உங்களைத்தாம்மா சொன்னாரு. வீட்டுல சொல்லவே இல்லையா? மெயின் ரோட்டைச் சுத்திப் போன்னு மட்டும் சொன்னாரா? ம். அதுக்கு நீங்க சண்டை வேற போட்டீங்களா.

இந்தத் தண்ணியைக் குடிங்க. மெதுவா.

சரியா ஒன்பதாம் நாள் விழுந்துச்சு. கூட்டத்தன்னிக்கு இன்ஜினியர் லீவு. திரும்பி வந்து புத்தகத்தைத்தான் படிச்சாரு. எனக்கு எதுவும் தெரியாதுன்னு அவர் சொல்றது பொய் இல்லம்மா. தலைவரும் உறுப்பினருங்களும் இப்ப வாயே திறக்கறதில்ல. எதுவா இருந்தாலும் புத்தகத்தைப் பாருங்கன்னு ஒரே வார்த்தை. புத்தகத்துல அந்தப் பேச்சு இல்ல.

சேச்சே, பக்கத்தை யாரும் கிழிக்கல. தலைவர் மறைக்கச் சொன்னாருன்னு ஊரே பேசுது, தெரியும். பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்து, யாரு மிரட்டினா, பயப்படாம சொல்லுங்கன்னு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரியும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கா. பாவம், சாமர்த்தியம் இல்லாத மனுஷன், அதட்டிப் பணிய வச்சுட்டாங்கன்னு என்னைப் பாத்து அழறா. நானும் பேசாம இருந்துட்டேன்.

நாளைக்குப் பத்து மணிக்குத்தானே? நானும் வர்றேம்மா. உங்கப்பாவை விசாரிக்கறதுக்கு முன்னாடி என்னை விசாரிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கறேன். அப்புறம் இந்த வேலை இருக்காது. இருக்க வேண்டாம்.

அங்க என்ன சொல்வேனா? நடந்ததைத்தான். கூட்டம் இழுத்துட்டே போச்சு. மணி ஒன்றரை. எனக்கு நல்ல பசி. உங்கப்பா எழுந்திரிச்சாரு. அதே ஆள், அதே பாலம், இதுல புதுசா என்ன எழுதக் கிடக்குன்னு பேனாவை மூடி வச்சுட்டேன். யாரும் சொல்லலம்மா. நானாத்தான்.