பன்னிரண்டாவது நாள்

பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளபடி. பெண், வயது 29. குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவு எழுத்தர். ஓட்டத்தில் வாங்கிய பதக்கங்களுக்காகக் கிடைத்த வேலை அது. தற்போது வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறேன்.

நானும் என் தங்கையும் நானூறு மீட்டர் ஓடுகிறவர்கள். இருவருக்கும் பயிற்சியாளர் எங்கள் சொந்த அண்ணன். தங்கைக்கு வயது 21. என்னைவிட நன்றாக ஓடுவாள். அதில் எனக்குப் பொறாமை இல்லை, அவளுக்கு முதல் ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தந்தவளே நான்தான்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எனக்கு வலது முட்டியில் வலி வந்தது. அதற்கென்று சொல்லி அண்ணன் மைதானத்துச் சாமான் அறையில் வைத்து வாரம் ஒன்றாக ஐந்து ஊசிகள் போட்டார். மருந்துச் சீட்டு கேட்டதற்கு, "அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். சீட்டு இல்லாமலே போட்டுக்கொண்டேன். முட்டி வலி அப்படியே இருந்தது, தோள் பெருத்து அலுவலகச் சட்டைகள்தான் இறுகின.

அதன் பிறகு, கடைசி ஊசி போட்ட பன்னிரண்டாவது நாள், யாரும் கேள்விப்படாத ஒரு சிறிய போட்டியில் என்னை ஓடச் சொன்னார். முட்டி வலிக்கிறது என்றேன். "சும்மா ஓடு, ஜெயிக்கவா சொன்னேன்?" என்றார். காலையில் என் எண் அட்டையை அவரே வாங்கி வந்து, பனியனில் நான்கு ஊக்குகளையும் அவரே குத்திவிட்டார். எண் 214. நான் ஐந்தாவதாக வந்தேன். மூச்சு வாங்கி நிற்கும்போதே ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் இருவர் நேராக என்னிடம் வந்தார்கள். முதலாவதாக வந்தவளை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, தடைசெய்யப்பட்ட மருந்து என் சிறுநீரில் இருந்ததாகக் கடிதம் வந்தது. அலுவலகத்துக்கும் ஒரு நகல் போயிருந்தது. "இருமல் மருந்துல ஏதாவது இருந்திருக்கும்" என்றார் அண்ணன். அதை நம்பி, இருமல் மருந்துப் புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது. அங்கே சோதனைக் குழுத் தலைவர், போட்டிக்கு முந்தின நாளும் அன்று காலையும் ஒரு ஆண் தொலைபேசியில் பேசி என்னைச் சோதிக்கச் சொன்னதாகவும், காலையில் 214 என்று எண்ணையே சொன்னதாகவும் தெரிவித்தார். அந்த நேரத்தில் ஓடுகிறவர்களின் எண் பட்டியல் ஒட்டப்படவில்லை. அட்டை அண்ணன் கையில் இருந்தது.

அதன் பிறகு நான் நேராகச் சாமான் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஹர்டில் கட்டைகளை அடுக்கிக்கொண்டே, "எத்தனை நாள்ல அது ஒடம்ப விட்டுப் போகும்னு தெரிஞ்சாதானே தங்கச்சிய தைரியமா எறக்க முடியும்? உனக்கு முப்பதாகப் போகுது. நீயே வாங்கிப் போட்டுக்கிட்டதா எழுதிக் குடுத்துடு. உனக்குப் போனது போச்சு, அவளோடதையும் கெடுக்காத" என்றார். பன்னிரண்டு நாள் போதாது என்று தெரிந்ததும், தங்கைக்குப் போட்டிக்கு முப்பது நாள் முன்பே ஊசியை நிறுத்தியிருக்கிறார். அவள் சென்ற மாதம் தேசியப் போட்டியில் தங்கம் வாங்கினாள், சோதனையிலும் தேறினாள். சோறு வெந்ததா என்று பார்க்க எடுத்து நசுக்கும் பருக்கையாக இருந்திருக்கிறேன் நான்.

தங்கைக்கு இது தெரியுமா என்று நேற்று கேட்கப்பட்டதற்குத் தெரியாது என்று சொன்னேன். அதை இன்று மாற்றிச் சொல்கிறேன். கடிதம் வந்த அன்று முதலில் அவளிடம்தான் போனில் பேசினேன். அழுதுகொண்டிருந்தேன். ஏதோ மருந்தாம், மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். ஊசி என்ற பேச்சே எடுக்கவில்லை. அவள் உடனே, "அக்கா, கடைசி ஊசிக்கு அப்புறம் எத்தனாவது நாள் உன்கிட்ட எடுத்தாங்க?" என்று கேட்டாள். அக்கறையில் கேட்கிறாள் என்று நினைத்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

இவை யாவும் என் மனமறிந்து நானே சொன்ன உண்மைகள். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. தங்கையைப் பற்றிய பகுதியை எடுத்துவிட வேண்டுமா என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன்.

(ஒப்பம்)